கோத்தகிரி ரோட்டுக்கு எந்த ஷாக்?

2025 ஜூன் 22

என் காரின் பின்பக்க இடது ஷாக்கில், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரில், எண்ணெய் கசிந்து, அதில் மண் ஒட்டிக் கறுத்துக் கிடக்கிறது. மற்ற மூன்றும் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கின்றன, ஆனால் வண்டிச்சோலை இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வளைக்கும்போது மூக்கு அமுங்கி எழுந்து திரும்பவும் அமுங்குகிறது. நல்ல ஷாக் என்றால் ஒரே மூச்சில் அடங்கிவிட வேண்டும். நான்கையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

வண்டி ஆடி டிடி, இரண்டாம் தலைமுறை, 2 லிட்டர் டர்போ, 211 குதிரைத்திறன், குவாட்ரோ, அதாவது நான்கு சக்கர இயக்கம். இரண்டாம் கையாக வாங்கியது, இந்த வயதில் ஷாக் தேய்வது இயல்புதான். கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாகக் குன்னூருக்குத் தினமும் இதில்தான் வேலைக்குப் போகிறேன், மகளைப் பள்ளியில் விடுவதும் இதில்தான், மழையிலும் மூடுபனியிலும், பச்சைத் தேயிலை ஏற்றிய லாரிக்குப் பின்னாலும். அதனால் எதை மாட்டினாலும் அது இந்த ரோட்டுக்கு ஒத்துவர வேண்டும். வேறு ஊர்க்காரர் ரேஸ் டிராக்கில் எதை மாட்டி எத்தனை விநாடி குறைத்தார் என்பது எனக்கு உதவாது.

2025 ஜூன் 25

நான் கேட்டவர்களில் பாதிப் பேர் காயில்ஓவர் என்கிறார்கள், அதாவது உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தே வருவது. கேடபிள்யூ நிறுவனத்தில் வி1, வி2, வி3 என்று மூன்று படி. முதலாவதில் உயரத்தை மட்டும் மாற்றலாம், இரண்டாவதில் ரீபவுண்டையும், அதாவது ஷாக் திரும்ப நீளும்போதுள்ள இறுக்கத்தையும், திருகிக்கொள்ளலாம், மூன்றாவதில் கம்ப்ரஷனும் (அமுங்கும்போதுள்ள இறுக்கம்) ரீபவுண்டும் தனித்தனியே. அருமையான பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காயில்ஓவர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வண்டியை இறக்கத்தான், அதாவது தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்தத்தான், வாங்குகிறார்கள், எனக்கு இறக்குவதில்தான் தயக்கம்.

டிடியின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்பது. இந்த அமைப்பில் கீழ்க்கை, அதாவது லோயர் ஆர்ம், தரைக்கு ஏறக்குறைய இணையாக நிற்கும்படி தயாரிப்பாளர் வைத்திருப்பார். 40 மில்லிமீட்டர் இறக்கினால் கையின் சக்கரப் பக்க முனை மேலே போய்விடும். அப்போது ரோல் சென்டர் என்கிற புள்ளி, அதாவது வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடிப்போவதால் வளைவில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும், அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போட வேண்டிவரும். இதோடு, சக்கரம் மேலே ஏறும்போது கிடைக்க வேண்டிய கேம்பரும் (சக்கரத்தின் மேல்முனை உள்பக்கம் சாயும் கோணம்) கிடைக்காமல் போகிறது. தாழ்வாக நிற்கிற வண்டி நன்றாக வளையும் என்று கண் சொல்கிறது, கணக்கு வேறு சொல்கிறது. சமதள டிராக்கில் கடினமான ஸ்பிரிங்கோடு சேர்ந்து அது பலிக்கலாம், மழையில் அரித்த கட்டபெட்டு ரோட்டில் பலிக்காது.

2025 ஜூன் 29

வெலிங்டனில் இருக்கும் நண்பரின் காரில் போய்வந்தேன். ஐபாக் ஸ்பிரிங், பில்ஸ்டீன் பி8 ஷாக், சுமார் 30 மில்லிமீட்டர் இறக்கம். அருவங்காட்டிலிருந்து ஊட்டிப் பக்கம் புதுத்தார் போட்ட இடத்தில் அப்படியொரு பிடிப்பு, ஸ்டீயரிங் தொட்டவுடன் மூக்கு திரும்புகிறது. அடுத்து பழைய தார் வந்தது. பள்ளத்தில் ஒரு சக்கரம் விழும்போதெல்லாம் பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஷாக் முழுக்க அமுங்கும்போது தாங்கும் ரப்பரில், போய் இடிப்பது இருக்கையில் தெரிந்தது. ஒரு வளைவின் நடுவில் அப்படி இடித்தபோது பின்பக்கம் கொஞ்சம் வழுக்கி விலகியது, நண்பர் பதறவில்லை, நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ஷாக்கின் மேல் பழி போட மாட்டேன், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. 30 மில்லிமீட்டர் இறக்கினால் சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தில் அந்த 30 மில்லிமீட்டர் போய்விட்டது, பிறகு பள்ளத்தை எதை வைத்து வாங்குவது? சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் எந்த டயரும் பிடிக்காது, அதிலும் ஈரத்தில். மலை ரோட்டில் வேகம் என்றால் எனக்கு அதுதான்: நான்கு டயரும் எப்போதும் தரையில் இருப்பது. அதற்கு ஸ்பிரிங் ஆடுவதற்கு இடம் வேண்டும், ஷாக் அந்த ஆட்டத்தை அடக்க வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி, "இறக்கவே வேண்டாங்க, இப்பவே ஸ்பீடு பிரேக்கர்ல அடி உரசுது" என்றாள். சரி, உயரம் அப்படியே இருக்கட்டும்.

2025 ஜூலை 3

கம்பெனி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு ஷாக் மட்டும் மாற்றுவது என்றான பிறகு பட்டியல் சுருங்கிவிட்டது. பில்ஸ்டீன் பி4 கம்பெனி ஷாக்குக்குப் பதிலாக அதே தன்மையில் மாட்டுவது. பி6 அதே உயரத்துக்கு, ஆனால் கடினம். பி8 இறக்கிய ஸ்பிரிங்குக்காக நீளம் குறைத்தது, அதனால் எனக்கு வேண்டாம். கோனி நிறுவனத்தில் மஞ்சள் ஸ்போர்ட், ரீபவுண்டைத் திருகலாம். இன்னொன்று ஸ்பெஷல் ஆக்டிவ், முன்பு எஃப்எஸ்டி என்று விற்றது.

பி6 மோனோட்யூப். ஒரே குழாய், பிஸ்டன் அதன் சுவரிலேயே ஓடும், எண்ணெய்க்குப் பின்னால் அழுத்தமான வாயு. சூடு சீக்கிரம் வெளியேறும், எண்ணெய் நுரைக்காது. மேட்டுப்பாளையம் வரை விடாமல் இறங்கினால் அதன் அருமை தெரியும் என்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் கல் தெறித்து அந்தக் குழாயில் சிறு சொட்டை விழுந்தாலும் பிஸ்டன் சிக்கும். முன்பக்கத்தில் ஸ்ட்ரட்டைத் தலைகீழாக இன்னொரு கூட்டுக்குள் வைத்திருப்பதால் தப்பிக்கும், பின்பக்கத்தில் அப்படி இல்லை. மண்சரிந்து ஜேசிபி ஒதுக்கிய ரோட்டில் போகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஸ்பெஷல் ஆக்டிவில் எனக்குப் பிடித்தது அதன் வால்வு. பிஸ்டனுக்குப் பக்கத்தில் எண்ணெய்க்கு இன்னொரு வழி இருக்கிறது. குண்டும் குழியும் போன்ற படபடவென்ற அசைவில் அந்த வழி திறந்தே இருக்கும், ஷாக் மென்மையாக வேலை செய்யும். வளைவில் உடம்பு சாய்வது, பிரேக்கில் மூக்கு அமுங்குவது எல்லாம் மெதுவான, நீண்ட அசைவுகள். அப்போது அழுத்தம் ஏறி அந்த வழி மூடிக்கொள்ளும், ஷாக் இறுகும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. கொண்டை ஊசி வளைவும் அரித்த தாரும் அடுத்தடுத்து வருகிற ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. பி6 இன்னும் கூர்மையாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்சீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது.

2025 ஜூலை 6

கோயம்புத்தூர் போய் மெக்கானிக் அண்ணனைப் பார்த்தேன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்த்த கை. நான் ஆர்டர் போடுவதற்கு முன்பே அவர் வெர்னியர் அளவுகோல் எடுத்து ஸ்ட்ரட்டின் விட்டத்தை அளந்தார். "தம்பி, இந்த பிளாட்ஃபார்ம்ல 50 மில்லியும் வரும், 55 மில்லியும் வரும், பாக்காம வாங்கினா ஹப்ல உக்காராது." என்னுடையது 55. பட்டியலில் இதே வண்டிக்கு இரண்டும் இருந்தன, அளக்காமல் போட்டிருந்தால் இறக்குமதி வரியோடு பணம் போயிருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் பேசினோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஷாக் தேய்மானப் பொருள், அதே உயரம், அதே ஸ்பிரிங் என்றால் மனசு நிம்மதி.

டயர் பேச்சும் வந்தது. இப்போது இருப்பது 245/40, 18 அங்குலம். இதே டிடிக்கு 245/45, 17 அங்குலமும் கம்பெனி கொடுத்த அளவுதான், வெளிவிட்டம் கிட்டத்தட்ட ஒன்றே. பக்கச்சுவர் 98-லிருந்து 110 மில்லிமீட்டர் ஆகிறது. 12 மில்லிமீட்டர் ரப்பர் கூடுதல், அதுவும் சஸ்பென்ஷன்தான். இந்த டயர் தேய்ந்ததும் 17-க்கு மாறிவிடுவேன்.

2025 ஜூலை 24

ஸ்பெஷல் ஆக்டிவ் நான்கும் மாட்டியாயிற்று. கூடவே டாப் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு பூட்டுவது), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் புதிது. எப்படியும் எல்லாவற்றையும் கழற்றுகிறோம், பழைய மவுன்ட்டை வைத்துத் திரும்பப் பூட்டினால் ஆறு மாதத்தில் டொக் டொக் என்று ஆரம்பிக்கும், கூலி இரண்டாவது தடவை.

இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தினால், வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கவே கூடாது. அந்த ரப்பர் இறுக்கிய நிலையில்தான் ஓய்வாக இருக்கும். தொங்கும்போது இறுக்கினால், கீழே இறங்கியதும் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் பாரம் ஏற்றி, ஓடும் உயரத்துக்குக் கொண்டுவந்து இறுக்க வேண்டும். அண்ணன் நான் சொல்லாமலே ஜாக் வைத்து அப்படித்தான் செய்தார், அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் நான்கு சக்கர அலைன்மென்ட்.

2025 ஜூலை 27

காலையில் கல்லாறிலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறினேன், 14 கொண்டை ஊசி வளைவுகள், லேசான தூறல். முதல் வளைவிலேயே மூக்கு ஒரே தடவை அமுங்கி அங்கேயே நின்றது. அடுத்ததில் உள்பக்கம் தார் பெயர்ந்திருந்தது, ஸ்டீயரிங்கில் சின்ன நடுக்கம், அவ்வளவுதான், கோடு மாறவில்லை. மேலே ஏற ஏறத்தான் புரிந்தது, வளைவை விட்டு வெளியே வரும்போது முன்பு ஆக்சிலரேட்டரை மிதிக்கக் காத்திருப்பேன், இப்போது கால் தானாகவே முன்னால் போகிறது.

ஒரு குறை இருக்கிறது. மெதுவாகப் போகையில் பெரிய ஸ்பீடு பிரேக்கரில் பழையதைவிடச் சற்று இறுக்கம், மகள் உடனே கண்டுபிடித்தாள். இன்னும் பழகாத ஷாக் என்பதால் கொஞ்சம் ஓடட்டும்.

பின்பக்க ஆன்டி ரோல் பாரையும், அதாவது வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பியையும், தடிமனாக்கச் சொல்கிறார்கள், மூக்கு இன்னும் நன்றாகத் திரும்புமாம். திரும்பும்தான். ஆனால் அந்தக் கம்பி இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இன்னும் இறுக்கமாகச் சேர்த்துக் கட்டுகிறது, ஒரு பக்கம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கமும் குலுங்கும், பின்பிடிப்பும் சீக்கிரம் விடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் கோத்தகிரி, குன்னூர் பக்கம்தான் கொட்டித் தீர்க்கும். அதுவரை கம்பெனி பாரே இருக்கட்டும், டிசம்பர் கழித்துக் காய்ந்த ரோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.