ஒன்றுக்குப் பன்னிரண்டு

நவம்பர் 12, 2021

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆட்டோக்காரரும் மாப்பிள்ளையுமாக என் மனைவியை நாற்காலியோடு மூன்று படி தூக்கி ஏற்றினார்கள். இனி எப்படி இறக்குவது என்று யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 13

டேப்பை எடுத்து அளந்தேன். மூன்று படி, ஒவ்வொன்றும் 6 அங்குலம். மொத்தம் ஒன்றரை அடி. சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு வேண்டும், ஆக 18 அடி நீளம். படியிலிருந்து கேட் வரை இருப்பதோ 14 அடி. மூன்று தடவை அளந்தாயிற்று. 14 தான்.

நேராகப் போகாது. சுவரை ஒட்டி 9 அடி இறங்கி, 4 அடிக்கு ஒரு மேடை போட்டு, அங்கே திரும்பி இன்னொரு 9 அடி. மேடை வருகிற இடத்தில் செம்பருத்தி நிற்கிறது.

"செடியை வெட்டினா நான் வெளியவே வரல. இப்படியே கிடக்கறேன்."

தீபாவளியன்று விழுந்ததிலிருந்து இவ்வளவு உரக்க அவள் பேசியது இன்றுதான்.

நவம்பர் 16

மழை. மணல் வரவில்லை.

நவம்பர் 17

மழை. மேடையை 3 அடி 9 அங்குலமாகக் குறைத்தால் செடி தப்பும். நாற்காலி திரும்புமா? சமையலறையில் சாக்பீஸால் கோடு போட்டு, காலி நாற்காலியை நானே தள்ளித் திருப்பிப் பார்த்தேன். திரும்புகிறது. சுவரில் ஒரு கீறல்.

நவம்பர் 19

கார்த்திகை தீபம். விளக்கு ஏற்றினால் காற்று அணைக்கிறது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர், அதில் நான்கு பிள்ளைகள். பாலாற்றில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வருகிறதாம். எனக்குத் தெரிந்து அந்த ஆற்றில் மணல்தான் ஓடியிருக்கிறது, அதுவும் லாரியில்.

பத்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு போனேன். போலீஸ்காரர் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் தண்ணீரைப் படம் எடுத்தார்கள். நான் தூணைத்தான் பார்த்தேன். வெள்ளம் பாலத்தை மேலேயிருந்து தள்ளிச் சாய்ப்பது அபூர்வம். தூணின் முகத்தில் மோதி, கீழே சுழன்று, காலடி மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். அப்போது ஒன்றும் தெரியாது. தண்ணீர் வடிந்து, ஊரெல்லாம் மறந்த பிறகு தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் திட்டு விழுந்தது. நியாயம்தான். மருந்து வேளையைத் தவறவிட்டிருந்தேன்.

நவம்பர் 22

பட்டாளத்தில் கூட இருந்த கொல்லத்துக்காரன் நினைவு. வருடா வருடம் அவன் கூப்பிடுவது டிசம்பர் 16 காலை ஐந்து மணிக்குத்தான். இன்னும் நாள் இருக்கிறது. மே மாதம் கொரோனா என்று கேள்விப்பட்டதோடு சரி, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 29

ஆயுள் சான்றிதழ். உயிரோடு இருக்கிறேன் என்று நவம்பர் முடிவதற்குள் நிரூபிக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடையில் ரேகை விழவில்லை. வலது கட்டைவிரல், இல்லை. ஆள்காட்டி, இல்லை. துடைத்தேன். தலையில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றினேன். பின்னால் பதினைந்து பேர் வரிசையில்.

"எந்த விரல்னாலும் வைங்க தாத்தா" என்றான் பையன்.

வலது கை முழுக்கத் தோற்றது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்த 1969லிருந்து கம்பி, கயிறு, சிமென்ட், பெய்லி இரும்புப் பாலத்தின் பேனல் என்று எல்லாம் பிடித்த கை. புனேயில் டிப்ளமோ முடித்து, ஓய்வுபெற்று, கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருந்தபோதும் கலவையைத் தொட்டுப் பார்க்காமல் விட்டதில்லை. தேயாமல் என்ன செய்யும்? கடைசியில் இடது நடுவிரல் காப்பாற்றியது. அந்த விரலால் நான் எதுவும் செய்ததாக ஞாபகம் இல்லை.

டிசம்பர் 2

கெடுவை டிசம்பர் 31 வரை நீட்டித்துவிட்டார்களாம்! நேற்று சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 6

மேல் 9 அடியும் மேடையும் முடிந்தன. "இன்னா சார், ரெண்டு இஞ்சுக்கு இவ்ளோ யோசிக்கிறீங்க, கொஞ்சம் சரிவா வந்தா இன்னா?" என்றார் கொத்தனார். பிடித்துத் தள்ளப்போகிறவன் நான், எனக்கு 72 வயது என்றேன். சிரித்தார். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். போய் வந்துதான் கீழ்ப் பாதியாம்.

இப்போது வாசலில் தொடங்கி அந்தரத்தில் முடிகிறது சரிவு.

டிசம்பர் 8

குன்னூரில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது. டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை. சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு எவ்வளவு தூரம். முப்படைத் தலைமைத் தளபதி ராவத், அவர் மனைவி.

டிசம்பர் 9

13 பேர். ஒருவர் மட்டும் மருத்துவமனையில்.

டிசம்பர் 11

அவள் வாக்கரைப் பிடித்துப் பதினொரு அடி நடந்தாள். எண்ணாதீங்க என்கிறாள். மனசுக்குள் எண்ணினேன்.

டிசம்பர் 15

குரூப் கேப்டன் வருண் சிங் இன்று பெங்களூரில் போய்விட்டார். ஆக 14.

தூக்கமில்லை. வருடம் முழுக்க எங்கும் 1971 போரின் பொன்விழாப் பேச்சு. நாளைக்கு ஐம்பது வருடம். சொல்பவர்கள் டாக்கா சரணடைதலைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தேதி மேற்கு முனையில் ஷகர்கர், பசந்தர் ஆறு. கையில் குத்தூசி, பக்கத்தில் கொல்லத்துக்காரன், பின்னால், திறந்த தடத்தைக் காட்டும் வெள்ளை நாடா. சாய்த்துப் பிடித்துக் குத்த வேண்டும், மெதுவாக. கண்ணிவெடியின் பக்கவாட்டில் பட்டால் பிழைத்தாய், தலையில் பட்டால் இல்லை. விடிவதற்குள் டாங்கி போகத் தடம் திறந்தாக வேண்டும். பாதிதான் முடிந்திருந்தது. அக்கரையில் எதிரி டாங்கிகள் நடமாட்டம் என்று காலாட்படை சொல்ல, பூனா ஹார்ஸ் டாங்கிப் படை காத்திருக்கவில்லை. "தம்பி, ஹட் ஜாவோ!" மெட்ராஸ் சாப்பர்கள் எல்லோரும் அவர்களுக்குத் தம்பிதான். நாடாவின் நுனியில் ஒதுங்கி நின்றோம். நாங்கள் தொடாத தரையில் டாங்கிகள் இறங்கிப் போயின. நான் பார்த்தவரை ஒன்றும் வெடிக்கவில்லை.

வெடிக்கவில்லை, சரி. வெடித்திருந்தால்? இதை ஐம்பது வருடமாக யாரிடமும் கேட்டதில்லை. மறுபடி மறுபடி கணக்குப் போடுகிறேன். இன்னும் நான்கு பேர் இருந்திருந்தால், இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடைத்திருந்தால். அன்று அக்கரைக்குப் போன செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் திரும்பவில்லை. வயது 21. எனக்கு 22. அவரைக் கொன்றது கண்ணிவெடி அல்ல, டாங்கிச் சண்டை. தெரியும். தெரிந்தும் என்ன.

மணி மூன்றரை. போன் பக்கத்தில்தான் இருக்கிறது.

டிசம்பர் 16

ஐந்து. ஐந்தேகால். ஆறு.

எட்டு மணிக்கு நானே போட்டேன். ஒரு சின்னப்பெண் எடுத்தாள். "அப்பூப்பன் உறங்குகயாணு" என்றாள். சரி மோளே என்று வைத்துவிட்டேன். எட்டு மணி வரை தூங்குகிற ஆள் இல்லை அவன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 17

கூப்பிடவில்லை. அவனும், நானும்.

டிசம்பர் 20

ஆறு வாரச் செக்கப். பாதிச் சரிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தெருப் பையன்கள் நான்கு பேர் நாற்காலியை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்தார்கள்.

"இருங்கடா. நாலு பேர் தூக்கறதுக்கு எனக்கு இன்னும் நாள் இருக்கு. அஞ்சாவதா ஒரு ஆள் வாங்க."

பையன்களுக்கு முதலில் புரியவில்லை, அப்புறம் ஒருவன் சிரித்துவிட்டான். நான் போய்க் கைப்பிடியில் கை வைத்தேன். சும்மா வைத்ததுதான், பாரம் எதுவும் வரவில்லை. பெய்லி பாலத்தின் ஒரு பேனல் 260 கிலோ, ஆறு பேர் தூக்குவோம். உயரம் ஒத்த ஆட்களாகப் பொறுக்கி நிறுத்துவார்கள், குள்ளமானவன் நடுவில் நின்றால் பாரம் அவன் தோளில் உட்காராது. நான் எப்போதும் நடுவில் மாட்டுவேன். கொல்லத்துக்காரன் அதை வைத்தே கேலி செய்வான்.

எலும்பு கூடிவிட்டதாம். பிப்ரவரியில் கைத்தடி போதும் என்றார் டாக்டர். அப்படியானால் இந்தச் சரிவு எதற்கு என்று ஆட்டோவில் கேட்டாள். பதில் சொல்லவில்லை. அடுத்தது யாருக்கு என்று அவளுக்கும் தெரியும்.

டிசம்பர் 23

முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது. ரயில்கள் ரத்து. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகிறது! சொன்னேனா இல்லையா என்று அவளிடம் கேட்டேன். "பாலம் விழுந்தா உங்களுக்கு என்ன இவ்ளோ சந்தோஷம்" என்கிறாள். சந்தோஷம் இல்லை.

மகன் சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிறான்.

டிசம்பர் 26

கொத்தனார் வந்தார், அரவணைப் பாயச டப்பாவோடு. கீழ் 9 அடி முடிந்தது. மட்டம் பார்த்தேன். கடைசி அடியில் கால் அங்குலம் கூடியிருக்கிறது. சொல்லவில்லை.

டிசம்பர் 27

சாக்கு போட்டு மூன்று வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும். காலையும் மதியமும் ஊற்றினேன். சாயங்காலம் போன் வந்தது, 0474 என்று தொடங்கும் கொல்லம் நம்பர், எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அந்த யோசனையில் தண்ணீரை மறந்தேன். இப்போது மணி பதினொன்று. டார்ச்சைக் காணோம்.