கத்தரி வெயிலில் ஒரு நியூட்ரல்: பவர் ஹவுஸ் நாட்குறிப்பு

ஏப்ரல் 28, திங்கள்

காலை 4 மணிக்கே பவர் ஹவுஸ் வந்துவிட்டேன். மெஸ்ஸில் இட்லிக்கு நீராவி போதவில்லை என்று இரண்டு நாளாகப் புகார். காரணம் எளிதுதான். அந்த நேரத்தில் வளாகம் கேட்கும் கரண்ட் 1.3 மெகாவாட். ஒரு இன்ஜின் போதும். ஆனால் மெஸ் அடுப்பும் ஹாஸ்டல் வெந்நீரும் சேர்ந்து சூட்டை அதிகமாகக் கேட்பதும் அந்த நேரம்தான். கரண்டும் சூடும் ஒரே இன்ஜினில் பிறந்தாலும் அவற்றின் பசி ஒரே வேளையில் வருவதில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் 1.5 மெகாவாட் காஸ் இன்ஜின் இரண்டு. எரிவாயுவின் ஆற்றலில் ஏறக்குறைய 40 சதவீதம் கரண்டாகிறது. 400 டிகிரி சூட்டில் வெளியேறும் புகையிலிருந்து நீராவி எடுக்கிறோம். இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு 90 டிகிரியில் வரும் தண்ணீர் ஹாஸ்டலுக்கு வெந்நீர் தருகிறது. இரண்டையும் ஒழுங்காகப் பிடித்தால் 80 சதவீதம் வரை பயனுக்கு வரும். கரண்ட் மட்டும் எடுக்கும் நிலையங்களில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடுகிறது. இந்த வேலையின் மேல் எனக்குள்ள பிடிப்பு இங்கேதான் தொடங்கியது.

மே 4, ஞாயிறு

கத்தரி பிறந்துவிட்டது. வேலூரைச் சுற்றிக் கல்மலைகள். பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கின்றன. ஆனால் எங்களுக்கு இது வேலையுள்ள வெயில். மிஞ்சும் சூடு, சூட்டை வைத்தே குளிர் உண்டாக்கும் லித்தியம் புரோமைடு சில்லருக்குப் போய் நூலகத்தைக் குளிர்விக்கிறது.

சாயங்காலம் எர்த் குழிகளை மெகர் (மின்தடை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தோம். எண் கூடினால் கரண்ட் மண்ணில் இறங்குவது கஷ்டம். ஜனவரியில் 0.9 ஓம் காட்டிய குழி இன்று 3.1. கரியும் உப்பும் போட்ட குழிதான், ஆனால் கீழே பாறை, மேலே காய்ந்த மண். ஒவ்வொரு குழிக்கும் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். இனி மழை வரும் வரை தினமும்.

மே 7, புதன்

இன்று தனித்து ஓடும் சோதனை. ஈபி கரண்ட் போனால் வளாகம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் அல்லவா, அதற்கு.

ஈபியிலிருந்து வாங்குவதை 50 கிலோவாட்டுக்குக் குறைத்துவிட்டு, ஈபி கரண்ட் உள்ளே வரும் 11 கேவி பிரேக்கரான இன்கமரைத் திறந்தோம், அதாவது இணைப்பைத் துண்டித்தோம். அதிர்வெண் 49.9க்கு இறங்கி மறுபடி 50ல் நின்றது. ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை. பயிற்சிக்கு வந்த பையன்கள் கை தட்டினார்கள்.

ஆபரேட்டர் அண்ணன் மட்டும் பேனலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னா மேடம், நியூட்ரல் லேம்ப் இன்னும் பச்சையே எரியுது?"

எனக்குக் கை கால் சில்லிட்டுப் போனது. பச்சை என்றால், ஜெனரேட்டர் நியூட்ரலை (மூன்று பேஸும் சேரும் புள்ளியை) மண்ணோடு இணைக்கும் சுவிட்சான காண்டாக்டர் திறந்திருக்கிறது. ஈபியோடு சேர்ந்து ஓடும்போது ஜெனரேட்டர் நியூட்ரலைத் திறந்தே வைக்கிறோம். எங்கள் 33 கேவி டிரான்ஸ்பார்மரின் 11 கேவி பக்கத்தில் எர்த் இருக்கிறது. இரண்டு இடத்தில் எர்த் இருந்தால் நியூட்ரல் வழியாக வேண்டாத ஹார்மோனிக் கரண்ட் சுற்றும். ஆனால் இன்கமர் திறந்த கணமே அந்த எர்த் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. அப்போது ஜெனரேட்டர் நியூட்ரல் மூட வேண்டும். மூடவில்லை. மீட்டர்கள் எல்லாம் சரியாகவே காட்டுகின்றன, மூன்று பேஸும் சமம். இதில் கொடுமை அதுதான். எங்காவது ஒரு பேஸ் மண்ணைத் தொட்டால், மற்ற இரண்டும் மண்ணுக்கு 6.35 கேவியிலிருந்து 11 கேவிக்கு ஏறிவிடும். மண்ணுக்குப் போகும் கரண்டைக் கண்டு பிரேக்கரைத் திறக்கவைக்கும் எர்த் ஃபால்ட் ரிலேயைத் தூக்கும் அளவு கரண்ட் ஓடாது. அடுத்த பலவீனமான கேபிள் வெடிக்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

உடனே ஈபியோடு சேர்க்கச் சொன்னேன். இரண்டு பக்கக் கரண்டும் ஒத்துப்போகிறதா என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப்பின் முள் மெல்ல வலப்பக்கமாகச் சுற்றியது. அண்ணன் அவசரப்படவில்லை. ஒரு சுற்று பார்த்தார். அடுத்த சுற்றில் முள் 12ஐத் தொடப்போகும்போது கைப்பிடியைத் திருப்பினார். தட் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மே 8, வியாழன்

கண்டுபிடித்துவிட்டோம். போன அக்டோபரில் இன்கமர் பிரேக்கரை மாற்றினோம். பழைய பிரேக்கர் திறந்ததா மூடியதா என்று சொல்லும் துணைத் தொடர்பிலிருந்துதான் நியூட்ரல் காண்டாக்டருக்கு ஆணை போகும். அந்த ஒயர், பெர்ரூல் (எண் போட்ட அடையாள வளையம்) கழலாமல், டேப் சுற்றி டிரங்கிங்குக்குள் (ஒயர் போகும் பெட்டிக்குள்) அப்படியே கிடந்தது. படத்தில் கோடு இருக்கிறது, பேனலில் இணைப்பு இல்லை. வேலை முடிந்ததற்கான தாளில் என் கையெழுத்து. இடையில் இரண்டு தடவை ஈபி போய் நாங்கள் தனியாக ஓடியிருக்கிறோம். பிள்ளைகள் அப்போது ஹாஸ்டலில் இருந்தார்கள். ராத்திரி தூக்கமே வரவில்லை.

மே 10, சனி

ஒயர் போட்டு ஆறு தடவை திறந்து மூடிப் பார்த்தோம். ஆறு தடவையும் சிவப்பு, காண்டாக்டர் மூடியது. நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் நடுவே கரண்டைக் கட்டுப்படுத்தும் நியூட்ரல் ரெசிஸ்டரையும் அளந்தோம், 63.5 ஓம். எர்த் ஃபால்ட் 100 ஆம்பியருக்கு மேல் போகாது, ரிலே 20லேயே எழும். இனி வருஷத்துக்கு இரண்டு தடவை இந்தச் சோதனை, பிரேக்கர் எதை மாற்றினாலும் உடனே ஒன்று.

மே 13, செவ்வாய்

6.40க்கு ஜவ்வாது மலைப்பக்கமிருந்து காற்றும் இடியும். 33 கேவி லைன் போய்விட்டது. அப்போது ஈபியிடம் 1.1 மெகாவாட் வாங்கிக்கொண்டிருந்தோம். வகுப்புகளின் ஏசி, அரங்கம், பம்புகள் எல்லாம் 0.2 வினாடிக்குள் கழன்றன. டீசல் செட் தாங்கும் அளவு திடீர்ச் சுமையைக் காஸ் இன்ஜின் தாங்காது, அதனால் கழற்றுவதில் தாமதம் கூடாது. அதிர்வெண் 48.9 வரை இறங்கித் திரும்பியது. நியூட்ரல் லேம்ப் சிவப்பு.

6.52க்கு ஹாஸ்டலுக்குப் போகும் ஃபீடர் லைன் ஒன்று மட்டும் எர்த் ஃபால்ட்டில் டிரிப். மற்றதெல்லாம் ஓடியது. டார்ச்சோடு மழையில் போனோம். கேபிள் பெட்டியில் ஆர் பேஸுக்கும் (மூன்று பேஸில் ஒன்று) பெட்டியின் இரும்பு உடம்புக்கும் நடுவே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. கேபிள் நுழையும் துளையில் விரல் நுழையும் இடைவெளி. பெட்டியைத் துடைத்து, மெகர் பார்த்து, 8.15க்குக் கரண்ட் கொடுத்தோம்.

மே 14, புதன்

துளை அடைக்கும் சீலிங் காம்பவுண்டோடு அண்ணனும் நானும் காலையிலிருந்து வளாகத்தைச் சுற்றுகிறோம். 23 பெட்டி முடிந்தது. 14 பாக்கி. மண் நனைந்திருக்கிறது, எர்த் குழி இன்று 1.4.