மி.லி. மட்டும்

ஜூலை 3
அப்பாவுக்குச் சிறுநீர் ட்யூபை எடுத்தார்கள். சாயங்காலம் வரை ஒரு சொட்டுப் போகவில்லை. சிஸ்டர் அடிவயிற்றைத் தட்டிப் பார்த்து, "ரொம்பியிருக்கு போல" என்றார். எத்தனை மி.லி. என்று தெரிய வேண்டுமானால் கீழே ஸ்கேன் அறை, அங்கே வரிசை. ராத்திரி மறுபடி ட்யூப்.

ஜூலை 5
சிறுநீர்ப்பையில் எத்தனை மி.லி. என்று ஒலியை அனுப்பி அளக்கும் சின்னக் கருவியை நானே செய்கிறேன். சோதிக்க ஒரு பொய் வயிறு வேண்டும். கடல்பாசி காய்ச்சி, இசப்கோல் தூவி, நடுவில் தண்ணீர் ரொப்பிய பலூனை வைத்து உறைய விட்டேன். இசப்கோல் இருந்தால்தான் தசையைப் போல அங்கங்கே எதிரொலி வரும். பலூனுக்குள் ஒன்றும் வராது. எதிரொலியைக் கோடாக வரையும் அலைக்காட்டியில் (ஆசிலாஸ்கோப்) பலூனின் முன்சுவருக்கு ஒரு குத்து, அப்புறம் மட்டமான கோடு, பின்சுவருக்கு இன்னொரு குத்து. அந்த மட்டத்தின் நீளம்தான் எனக்கு வேண்டும். அம்மா சட்டியைப் பார்த்துவிட்டு, "இனி இதுல அல்வா கிண்ட முடியாது" என்றாள்.

ஜூலை 6
ஒலி 1 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோவிநாடி. கனவிலும் இதே வகுத்தல்.

ஜூலை 9
ஊற்றியது 300, கருவி சொல்வது 340. திசுவில் ஒலிவேகம் விநாடிக்கு 1540 மீட்டர் என்று போட்டிருக்கிறேன். 30 டிகிரித் தண்ணீரில் 1509தான். 2 சதவீதம்தானே என்று விட முடியாது, மூன்று பக்கமும் பெருக்கினால் 6 ஆகிவிடும். அதைக் கழித்தாலும் 20 மி.லி. இடிக்கிறது. நீளம், அகலம், உயரம், 0.52 நான்கையும் பெருக்கும் கணக்கு முட்டை வடிவத்துக்கானது. பலூன் அப்படியா இருக்கிறது?

ஜூலை 12
ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் படிகத்தை மோட்டார் வைத்து ஆட்டினேன். யாரும் செய்துகொள்ளும்படி ஸ்கேன் கருவி வடிவமைக்கும் பாரிஸ் எக்கோப்பன் குழு தொடக்கத்தில் போன வழி. கோடுகள் சேர்ந்து திரையில் படமாயின. 3.5 மெகாஹெர்ட்ஸ், ஒற்றைப் படிகம், மலிவான பலகை. பலூனின் முடிச்சுகூடத் தெரிந்தது! துள்ளிக் குதித்தேன்.

முடிச்சு தெரிகிறது என்றால் வேறென்னவெல்லாம் தெரியும்?

கருவில் ஆணா பெண்ணா என்று பார்க்கத் தடை போட்ட 1994 சட்டம் ஏன் வந்தது என்று மதுரைக்காரனுக்கு யாரும் சொல்ல வேண்டாம். பெண் சிசுக்கொலையால் பேர் கெட்ட உசிலம்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. பதிவில்லாதவருக்கு ஸ்கேன் கருவி விற்கக் கூடாது என்கிறது சட்டம். நானோ வரைபடம், நிரல் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போடப் போகிறேன். மி.லி. எண்ணை மட்டும் காட்டும்படி நிரலை எழுதலாம். தெரிந்தவன் ஒரே சாயங்காலத்தில் மாற்றிவிடுவான்.

ஜூலை 13
அத்தைக்கு மூன்று பெண்கள். நான்காவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஜூலை 14
அப்பாவுக்குக் காய்ச்சல். எதையும் தொடவில்லை.

ஜூலை 16
மோட்டாரைக் கழற்றிவிட்டேன். நான்கு படிகங்கள், நான்கு கோணங்கள், அசையாமல் எபாக்சியில் ஒட்டியவை. நான்கு கோட்டை வைத்து எவனும் படம் வரைய முடியாது. துல்லியம் குறையும், பை சரிந்திருந்தால் தப்பாகவே காட்டும். இருக்கட்டும். 50ஆ 400ஆ என்று சொன்னால் அந்த சிஸ்டருக்குப் போதும்.

ஜூலை 17
தம்பியோடு சண்டை. "பட்டர்ஃபிளைங்கிற கையடக்க ஸ்கேன் 2018லயே 2000 டாலருக்கு வந்தாச்சு, தப்பு பண்றவன் அதை வாங்கிட்டுப் போறான், நீ எதுக்குக் கருவியை முடமாக்குறே?" விற்கிறவனிடம் யாருக்கு விற்றான் என்று கணக்கு கேட்கலாம்டா. இணையத்திலிருந்து என் கோப்புகளை இறக்கியவனை யார் கேட்பது? சாப்பிடாமல் போய்விட்டான்.

மோட்டார் மேசையிலேயே கிடக்கிறது.

ஜூலை 19
காய்ச்சல் விட்டது. நாளைக் காலை ட்யூப் எடுக்கிறார்களாம்.

மூன்றாவது படிகத்தில் குத்தே வரவில்லை. ஒயர் விட்டிருக்கும். ஜெல்லும் தீர்ந்துவிட்டது, கடை திறந்ததும்