அம்மாவின் சீட்டுக் கணக்கில் ஒரு மாத்தறை நம்பர்

இணையப் பக்கங்களை இயக்கும் கணினி மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பழகத் தொடங்கினால் யூடியூப்பில் எல்லோரும் முதலில் செய்யச் சொல்வது 'செய்ய வேண்டிய வேலைகள்' பட்டியல். நான் அதை நான்கு தடவை செய்தேன். நான்கும் ஓடின. நான்கிலும் "பால் வாங்க வேண்டும்" என்று எழுதி, அழித்து, மூடிவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பால் விடிய சைக்கிளில் வந்துவிடும். யாரும் வாங்கப் போவதில்லை.

பகலில் ரவுணில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் போடுகிறேன். லப்டொப்பைத் திறக்க இரவு எட்டு மணியாகும். அதே மேசையின் மற்றப் பக்கத்தில் அம்மா சீட்டுக் கொப்பியோடு இருப்பார். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் அம்மா கனகாலமாகச் சீட்டுப் பிடிக்கிறார். இருபது பேர், மாதம் ஆளுக்கு 5,000, மொத்தம் ஒரு லட்சம். காசு அவசரமானவர் கழிவு கூறி எடுப்பார். 18,000 கழிவுக்குப் போனால் அவர் கைக்கு 82,000. அந்தக் கழிவு இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 900 குறையும். அந்த மாதம் 4,100 கட்டினால் போதும்.

ஒருநாள் அம்மா போனில் கூட்டிப் பார்த்தார், இரண்டு தடவையும் இரண்டு விடை. "பிள்ளை, உன்ர பெட்டியில உதைப் போடேலாதோ?" என்று கேட்டார். அட, இதை ஏன் நான் யோசிக்கவில்லை?

ஒரு படிவம், ஒரு அட்டவணை, ஒரு பொத்தான். மூன்று இரவில் முடித்தேன். கழிவைத் தட்டினால் ஆளுக்கு எவ்வளவு என்று சரியாகவே வந்தது. எனக்குப் பெரிய புளுகம். அப்புறம் அம்மா முதலாவது ஆளுக்கு 4100, இரண்டாவது ஆளுக்கு 4100 என்று தட்டினார். இதுவரை சேர்ந்த காசு என்ற இடத்தில் 041004100 என்று நின்றது.

"உதென்ன போன் நம்பரோ? 041 எண்டா மாத்தறை ஊரின்ர கோட் எல்லோ?"

ஜாவாஸ்கிரிப்ட்டில், படிவத்தின் பெட்டிக்குள் நாம் தட்டுவது எண்ணாக இருந்தாலும் எழுத்தாகத்தான் உள்ளே போகிறது. வகுத்தால், கழித்தால் அது தானாகவே எண்ணாக மாறிவிடும். அதனால்தான் கழிவுக் கணக்குப் பிழைக்கவில்லை. கூட்டல் குறி மட்டும் பக்கத்தில் எழுத்தைக் கண்டால் கூட்டாது, ஒட்டும். பூச்சியத்தோடு 4100 ஒட்டி, அதன் வாலில் இன்னொரு 4100 ஒட்டிவிட்டது. இந்த விஷயத்தைப் பாடத்தில் ஏற்கனவே இரண்டு தடவை படித்திருந்தேன், குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். மாத்தறை என்று அம்மா சொன்ன பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. இப்போது எந்தப் பெட்டியைக் கண்டாலும் எழுத்தை எண்ணாக்க, கை தானாகவே 'நம்பர்' என்று எழுதி அடைப்புக்குறி போடுகிறது.

அடுத்தது திகதி. சீட்டு நாள் மாதம் 15. திரையில் 14 என்று வந்தது. கொஞ்சம் தூரம் தேடியதில் விளங்கியது: நான் திகதியை எழுத்தாக்கிய முறை அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிடுகிறது. நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி. இங்கே 15ஆம் திகதி நள்ளிரவு 12 மணி என்றால் அங்கே 14ஆம் திகதி பின்னேரம் 6.30. இது போதாதென்று மாதங்கள் வேறு பூச்சியத்தில் தொடங்குகின்றன. ஜனவரி 0, டிசம்பர் 11. பிரெண்டன் ஐக் 1995இல் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார், திகதிப் பகுதியை ஜாவா என்ற இன்னொரு மொழியிலிருந்து அப்படியே எடுத்தார்கள் என்று வாசித்த பிறகு கோபம் பாதி குறைந்தது. மிச்சப் பாதி இன்னும் இருக்கிறது.

கொப்பியில் அம்மா ஒருவருக்கும் சொந்தப் பெயர் எழுதுவதில்லை. கிணத்தடி மாமி, கோயிலடி அக்கா, கேணியடி மாமி, ரீச்சர். வடிவாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வட்டம் போட்டு முதல் எழுத்தைக் காட்டினேன். கிணத்தடி, கோயிலடி, கேணியடி மூவருக்கும் 'க'. கணினிக்குக் 'கோ' என்பது 'க'வும் ஒரு குறியும்; நான் கேட்டது முதல் துண்டை, அது கொடுத்ததும் முதல் துண்டை. 'கோயிலடி'யின் நீளத்தைக் கேட்டால் 7 என்கிறது. பாலர் வகுப்புப் பிள்ளை நான்கு என்று சரியாகச் சொல்லும். சொல்லை முழு எழுத்துகளாகப் பிரிக்க 'இன்ரல் செக்மென்ரர்' என்று ஒன்று ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது, அதைப் போட்டதும் கி, கோ, கே என்று பிரிந்தது. நான் பார்த்த ஆங்கில வீடியோ ஒன்றிலும் இது வரவில்லை. அவர்களுக்கு ஏன் வரப்போகிறது?

பெரிய அடி பிறகு விழுந்தது. கணக்கெல்லாம் பிரவுசர் தனக்குள்ளேயே வைத்திருக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற இடத்தில் சேமித்திருந்தேன். லப்டொப் மெதுவாக ஓடுகிறது என்று தம்பி ஒருநாள் பிரவுசரை 'முழுசாகக் கிளீன் பண்ணி' விட்டான். இரண்டு மாதக் கணக்கு போயிற்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டார், கொப்பியை விரித்தார், "சொல்லுறன், அடி" என்றார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் திரும்பி வந்தது. அன்றிரவே கணக்கைக் கோப்பாக இறக்கி வைக்க ஒரு பொத்தான் செய்தேன். அம்மா இன்றுவரை முதலில் கொப்பியில்தான் எழுதுகிறார். பிறகு என்னிடம் வந்து "உன்ர பெட்டி என்ன சொல்லுது?" என்று கேட்கிறார்.

போன கிழமை, இன்னும் கட்டாதவர்களின் வரி சிவப்பாகும்படி செய்தேன். பக்கத்துக்கு நிறமும் அழகும் கொடுக்கும் சிஎஸ்எஸ்ஸில் இரண்டே வரி, பளிச்சென்று இருந்தது. அம்மா பார்த்ததும் திரையைக் கையால் மறைத்தார்.

"உதை எடு பிள்ளை. ரீச்சர் காசு தர வரேக்க எட்டிப் பார்த்தா கேணியடியின்ர மானம் என்னாகிறது?"

சிவப்பை எடுத்துவிட்டேன். இப்போது கட்டாதவரின் பெயருக்குப் பின்னால் ஒரு சின்னப் புள்ளி மட்டும் நிற்கிறது. அது என்னவென்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.