அழும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி

கைக்கு வந்தது 1780களின் பாணியில் ஒரு முட்டை வடிவச் சிற்றோவியம். உயரம் 6 செ.மீ., தந்தத் தகட்டில் நீர்வண்ணம், பொடி தூவிய கூந்தல், மஸ்லின் உடை. கண்ணாடியின் உள்பக்கம் பொடிப்பொடியாகத் துளிகள். ஈரம் புகுந்துவிட்டது என்று நினைத்து வெயிலில் காயவைப்பவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் தகடு வளைந்து, ரேகை வழியே பிளந்துவிடும்.

அந்தத் துளி மழைநீர் அல்ல. சுண்ணாம்புச் சத்து குறைவாகவும் காரம் அதிகமாகவும் வார்த்த பழைய கண்ணாடி, காற்றின் ஈரத்தை இழுத்துத் தன் காரத்தையே வெளியே கசிய விடுகிறது. தொட்டால் வழவழப்பாக இருக்கும். அது சொட்டினால் வண்ணத்தைப் பிடித்துவைத்திருக்கும் வேலம்பிசின் இளகும். செம்புச் சட்டமாக இருந்தால் பச்சைக் களிம்பும் சேர்ந்து உதிரும். ஆகவே திறந்துதான் ஆக வேண்டும்.

திறக்கும் முன் லென்ஸ். நகை ஆசாரி வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். முகத்தின் புள்ளிகளும் நுண்கோடுகளும் அளவு மாறி, கன்னத்தின் வளைவோடு ஓடினால் அது தூரிகை வேலை. ஒரே அளவில் வரிசை பிசகாமல் நின்றால் அச்சுப்படம், மேலே வண்ணம் தீட்டியது. தந்தத்தின் ரேகை லேசாக நெளிந்து, இடைவெளி மாறி ஓடும். தந்தம்போல் தோன்றும் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டில் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இருக்கும். குறுக்குமறுக்கான வலைக்கோடுகளைத் தேடிக் கிடைக்காமல் ‘இது தந்தமே இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். அவை தந்தத்தைக் குறுக்கே அறுத்தால் தெரிபவை. ஓவியத் தகடு நெடுக்காக அறுத்தது. சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு தீப்பிடிக்கும், தந்தத்தில் வடு நிற்கும்.

கையெழுத்தை நம்பி விலை பேசாதீர்கள். புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்றோவியர்களான இசபே, ஒகுஸ்தென் ஆகியோரின் பெயர்கள் பிற்கால நகல்களில் தாராளமாக எழுதப்பட்டிருக்கின்றன. தங்கச் சட்டத்தில் பிரான்ஸின் தங்கத் தர முத்திரையான கழுகுத் தலை இருந்தால் சட்டம் 1838க்குப் பிந்தையது. ஓவியமும் பிந்தையது என்று அதற்குப் பொருளில்லை; சட்டம் மாற்றுவது வழக்கம்தான்.

பிரிக்கும்போது முகக்கவசம் அணிந்தே ஆக வேண்டும். தந்தம் வண்ணத்தை உறிஞ்சாது. வண்ணம் மேலே ஒட்டி நிற்கிறது, அவ்வளவே. ஒரு துளி எச்சில் பட்டால் மூக்கு போய்விடும். மெத்தென்ற துணிமேல் முகம் கீழாக வைத்து, பின்மூடியின் விளிம்பை மழுங்கிய தகட்டால் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு விரிசல் விடும். பின்னால் ஒட்டிய அட்டையை உரிக்காதீர்கள். பெயரோ தேதியோ அதில் இருக்கலாம். சில ஓவியங்களில் முகத்துக்கு ஒளி கூட்ட வைத்த உலோகத் தாளும் அங்கேதான் இருக்கும்.

ஓவியத்தின் முகத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: உதிராத இடத்தில் மட்டும், உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை நீக்குவது. பூஞ்சணமோ செதில் எழும்பலோ தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, சிற்றோவியப் பாதுகாப்பில் பயின்றவரிடம் கொடுத்துவிடுங்கள். கண்ணாடியைத் தனியே எடுத்துப் போய், காய்ச்சி வடித்த நீரிலும் பிறகு எத்தனாலிலும் துடைக்கலாம். ஆனால் ஒருமுறை அழுத கண்ணாடி மறுபடி அழும். அதே வளைவில் புதிய கண்ணாடி போட்டு, பழையதைக் குறிப்பெழுதிய உறையில் பத்திரப்படுத்துவதே எங்கள் பரிந்துரை. கண்ணாடி வண்ணத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். விளிம்பைச் சுற்றி அமிலமற்ற மெல்லிய காகிதப் பட்டை ஒட்டினால் தூசி புகாது. ஒட்டும் டேப் கூடாது.

வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். கன்னத்தின் சிவப்புதான் முதலில் வெளுக்கும்.

விற்க நினைத்தால் காகித வேலை தனி. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடப்பில் உள்ளது. 1918க்கு முன் செய்த, 320 சதுர செ.மீ.க்கு மிகாத உருவச் சிற்றோவியத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் விற்பனைக்கு முன் பதிவு கட்டாயம். நாடு தாண்டினால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் விதிகளும் சேரும். ஏலத்தில் கை தூக்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.