பால் டின் சரக்குக் கலம், அரிசி மூட்டை விண்வெளி நிலையம்

மூன்று வாரமாகத் தட்டிக்கொட்டியதில் நேற்று இரவுதான் முதல் தடவையாக ‘டக்’ என்று மாட்டியது.

அலமாரியில் வைக்கும் பொம்மை எனக்கு வேண்டாம். ஆளில்லாமல் போகும் ரஷ்யாவின் புரோகிரஸ் சரக்குக் கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு எப்படிக் கோத்துக்கொள்கிறது என்று கையால் செய்து பார்க்க வேண்டும். 2007 அக்டோபரில் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர், ஆட்கள் போகும் ரஷ்யக் கலமான சோயுஸில் போனதை டிவியில் பார்த்த நாளிலிருந்தே இந்த அரிப்பு. சோயுஸுக்கும் புரோகிரஸுக்கும் ஒரே முறைதான். கலத்தின் மூக்கில் ஒரு கம்பு, நிலையத்தின் வாசலில் ஒரு புனல். நுனி புனலில் எங்கே பட்டாலும் வழுக்கி நடுக்குழிக்குப் போய்விடும். அங்கே கொக்கி மாட்டியதும் கம்பு உள்ளே இழுத்துக்கொள்ளும்; இரண்டு வளையங்களும் சேர்ந்து இறுகும்.

உடலுக்கு இரண்டு பால் டின்கள். கடையில் தே (டீ) வாங்கினால் கட்டித் தருவார்களே, அதே டின்தான். குறுக்களவு ஏழரை சென்டிமீட்டர். நிஜக் கலம் 2.7 மீட்டர் அகலம், 7 மீட்டருக்குச் சற்று அதிக நீளம். ஆக, 36-இல் ஒரு பங்கு. வெளிப்பக்கம் இரண்டு ஸ்ட்ராக்களை ஒட்டினேன். அவை எரிபொருள் குழாய்கள். கசிந்தாலும் ஆட்கள் சுவாசிக்கும் காற்றில் கலக்கக் கூடாது என்று நிஜத்திலும் சரக்கறைக்கு வெளியேதான் ஓடுகின்றன. யாரும் கவனிக்கப் போவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் பிடித்த இடம்.

மாட்டும் வேலைக்கு முதலில் காந்தம் வைத்தேன். தங்கச்சி கைதட்டினாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எட்ட இருக்கும்போதே இழுத்துவிடுகிறது, அது ஏமாற்று வேலை. பிடுங்கிப் போட்டேன்.

பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் மழையில் உடைந்த குடை ஒன்று கதவோரம் கிடந்தது. விரித்ததும் வெளியே துருத்திக்கொண்டு துணியைத் தாங்குமே, தண்டில் அந்தச் சின்ன நாக்கு, அதை மட்டும் தண்டோடு அறுத்தெடுத்தேன். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 2 வெள்ளிக்கு வாங்கிய புனலின் துளைக்குள் போகும்போது நாக்கு அமுங்குகிறது, அந்தப் பக்கம் போனதும் விரிகிறது. பின்னால் இழுத்தால் வராது. (புனல் அளவுக்கு மீறிப் பெரிசுதான். பரவாயில்லை.)

டின்னைக் கூரையிலிருந்து இரண்டு தூண்டில் நரம்பில் தொங்கவிட்டேன். ஒரே நரம்பென்றால் பம்பரமாய்ச் சுற்றுகிறது. மின்விசிறியை நிறுத்தாமல் எதுவும் நடக்காது. வியர்வையில் குளித்தபடிதான் சோதனை.

பத்து முறை விட்டேன், ஒன்றும் மாட்டவில்லை. புனலை ஒட்டியிருந்த அட்டைப்பெட்டி, கம்பு தொட்டதுமே நழுவிப் பின்னால் ஓடியது. அப்போதுதான் எடையை நினைத்தேன். புரோகிரஸ் சுமார் 7 டன், நிலையம் 400 டன்னுக்கு மேல். என் டின் பச்சைப்பயறு போட்டு 170 கிராம். அறுபதால் பெருக்கினால் 10 கிலோ. வீட்டில் 10 கிலோ என்றால் அரிசி மூட்டைதான்! தங்கச்சி பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் கூரையில் இருக்கிறது. அதில் மூட்டையைத் தொங்கவிட்டு, முகப்பில் புனலைக் கட்டினேன்.

இப்போது நிலையம் அசையவில்லை, டின்தான் துள்ளித் திரும்பியது. கம்புக்குப் பின்னால் பேனா ஸ்பிரிங் வைத்து மோதலை அது விழுங்கும்படி செய்ததும் மாட்டியது. இருபதில் பதின்மூன்று.

தவறிய ஏழில் நாலு என் அவசரம். வேகமாகத் தள்ளினால் புனல் விளிம்பில் பட்டு மூட்டையின் விலாவில் இடிக்கிறது. 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் இதுதான் நடந்தது. கையால் தொலைவிலிருந்து ஓட்டிப் பார்த்தபோது புரோகிரஸ் எம்-34 ஸ்பெக்டர் பகுதியில் மோதி, அங்கே காற்று கசிய, அந்தப் பகுதியையே மூட வேண்டியதாயிற்று. நிஜத்தில் கடைசித் தொடுதல் நொடிக்குப் பத்து, இருபது சென்டிமீட்டர் கணக்கில்தான். நான் தள்ளியது அதைவிடப் பல மடங்கு.

கம்பை உள்ளே இழுக்கும் பாகம் பாக்கி. நூலும் தையல் மெஷின் பாபினும் எடுத்து வைத்திருக்கிறேன்.

காலையில் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “டேய், உலை வச்சாச்சு, அத இறக்குடா” என்றார். இறக்கிவிட்டேன். இரண்டு படி குறைந்துவிட்டதால் டின்னிலிருந்தும் கொஞ்சம் பயறு எடுக்க வேண்டும்.