முன் பெஞ்ச் போதும்ல?

"முன் பெஞ்ச்ல உட்கார வெச்சாப் போதும்ல மிஸ்?" என்று கேட்டார் வகுப்பாசிரியை. "போதும், முதல்ல அதுலேர்ந்து ஆரம்பிப்போம்" என்றேன். இதில் முதல் சொல்லுக்குப் பிறகு வந்தது யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளையின் அம்மா கையிலிருந்த தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் ஆறு கோரிக்கைகள் இருந்தன. கேட்புக் குறைபாடுள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் நான்தான் அதை எழுதிக் கொடுத்ததே.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. இரண்டு காதிலும் நடுத்தரக் கேட்புக் குறைபாடு, இரண்டிலும் கேட்புக் கருவி. இந்த நடுத்தர வகைக்குத்தான் பள்ளியில் எதையும் கேட்டு வாங்குவது கஷ்டம். "கூப்பிட்டா திரும்புறாளே, நல்லாத்தானே பேசுறா" என்பார்கள். பொய்யில்லை. உயிரொலிகள் பலமானவை, எட்டிவிடும். பெயர் சொன்னால் திரும்புவாள். சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுகிற ச, ஸ, த, ப எல்லாம் மெலிந்த ஒலிகள், இரைச்சலில் முதலில் காணாமல் போவது அவைதான். உதட்டைப் பார்த்துச் சமாளிக்கட்டும் என்றால், 'பாடு' என்றாலும் 'மாடு' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. சொல்வதை எழுதும்போது 'பாடு'க்கு மாடு எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு'.

முன் பெஞ்ச் ஏன் போதாது? ஆசிரியர் ஓரிடத்தில் நிற்பதில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். வகுப்பறையில் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்ந்து சொற்களைக் குழப்பும். கருவி நன்றாக உதவுவது ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான். அதைத் தாண்டினால் பேச்சையும் பெஞ்ச் இழுக்கும் சத்தத்தையும் ஒன்றாகவே பெரிதாக்கித் தரும். முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு வகுப்பு முழுவதும் முதுகுக்குப் பின்னால். யாரோ பதில் சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், இவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த கேள்வி வந்திருக்கும். இரண்டாம் வரிசையின் ஓரம், கொஞ்சம் உள்நோக்கித் திருப்பிய இருக்கை, தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி கூடாது, ஆசிரியருக்குப் பின்னால் ஜன்னல் கூடாது (முகம் இருட்டாகிவிடும்). இது தாளில் முதல் வரியிலேயே இருந்தது. 'முன் பெஞ்ச்' என்று நாங்கள் எங்குமே எழுதவில்லை.

தெரிந்தும் ஏன் போதும் என்றேன்? என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளை மேய்க்கிறவரிடம் ஆறு வேலையை ஒரே நாளில் நீட்டினால் ஒன்றும் நடக்காது. ஒன்றைச் செய்து பலன் கண்டால் மற்றதை அவரே கேட்பார். இது பலமுறை பலித்த கணக்கு. அதே பள்ளியில் நான் கவனிக்கும் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், முகம் கோணாமல் வெளியே வர வேண்டியிருந்தது. இதையும் கணக்கில் சேர்த்தேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த பருவத்தில் போனபோது கோப்பில் இருந்தது ஒரே வரி: 'முன் இருக்கை வழங்கப்பட்டது. கோரிக்கை நிறைவேற்றப்பட்டது.' மற்ற ஐந்தும் இனி புதுக் கோரிக்கைகள். முன் பெஞ்சில்தான் இருந்தாள், மின்விசிறிக்கு நேர் கீழே. ஆசிரியை கடைசி வரிசைப் பிள்ளைகளைக் கட்டுக்குள் வைக்க, பின்னால் நடந்தபடியே பாடம் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் (2006) 24ஆம் பிரிவு, அந்தந்த ஆளின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடு என்கிறது. அந்த 'தேவைக்கேற்ற'வை எழுத்தில் கொண்டுவருவதுதான் வேலை. 'கவனம் செலுத்தவும்' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். 'கரும்பலகையில் எழுதும்போது பேசாமல், திரும்பி முகம் தெரியப் பேசவும்', 'பிற பிள்ளைகள் சொல்லும் பதிலை ஒருமுறை திருப்பிச் சொல்லவும்', 'புரிஞ்சுதா என்று கேட்காமல், நான் என்ன சொன்னேன் என்று கேட்கவும்' என எழுத வேண்டும். 'புரிஞ்சுதா'வுக்கு எந்தப் பிள்ளையும் தலையாட்டும். ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது, இன்று ஒத்திவைத்தது எது என்று எழுதி, கூட்டம் முடியும் முன்பே இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். 'முதல்ல' என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. இதை மற்ற பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலைச் சோதனை இன்னொரு வரி. பிள்ளைக்குப் பின்னால் நின்று, ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை வரிசை மாற்றி, இடைவெளியும் மாற்றிச் சொல்ல வேண்டும். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு நிமிட வேலை. ஸ் மட்டும் வரவில்லையென்றால் மெலிந்த ஒலிகள் எட்டவில்லையோ என்று ஒரு சந்தேகம், எதுவுமே வரவில்லையென்றால் பேட்டரி. ஐந்து வயதுப் பிள்ளை பேட்டரி தீர்ந்ததைச் சொல்லாது, சும்மா உட்கார்ந்திருக்கும். மாற்று பேட்டரி பள்ளியிலும் இருக்க வேண்டும். புது பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும். கருவி கீச்சிட்டால், காது வளர்ந்து, காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக் மூன்றாவது வரி. வாயிலிருந்து ஒரு சாண் கீழே இருந்தால் குரல் தூரத்தைப் பொருட்படுத்தாமல் நேராகக் கருவிக்குப் போகும். பிறகு வரத்தான் வந்தது. வந்து ஒன்பது நாள் அலமாரியில் கிடந்தது. மாட்டிய அன்று, அணைக்காமல் ஆசிரியர் ஓய்வறைக்குப் போய்விட்டார். அங்கே பேசியதெல்லாம் பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. மறுநாள் மறுபடி அலமாரி. ஆக, முதல் நாளே அடம்பிடித்து வாங்கியிருந்தால் மட்டும் நடந்திருக்குமா? மனம் வராமல் எதுவும் ஓடாது என்ற என் கட்சிக்கு இது சாட்சி. ஆனால் அந்த மனம், நான் போதும் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்த பருவத்தில் வளரவில்லை. 'பாடு', 'மாடு' இரண்டையும் குரல் இல்லாமல் வாயசைத்துக் காட்டி, "எது சொன்னேன் மிஸ்?" என்று அந்த அம்மா ஆசிரியையிடம் கேட்ட அன்றுதான் வளர்ந்தது. நான் பக்கத்தில் சும்மா நின்றேன்.

அன்று அந்தத் தாளும் வெளியே வந்தது, மடித்த கோடுகளோடு. ஆறில் ஐந்துக்கு இப்போது தேதி இருக்கிறது. மின்விசிறிக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.